ஆமைக்கும் ஒரு சட்டம்: கடற்கரை விளக்குகளின் கதை

1995-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் விநோதமான வழக்கு ஒன்று நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர்களின் பட்டியலில் இரண்டு பெண்களின் பெயர்களோடு 'பெருந்தலை ஆமை', 'பச்சை ஆமை' என்ற பெயர்களும் இடம்பெற்றிருந்தன. எதிர்த்தரப்பில் நின்றது வோலூசியா மாவட்ட மன்றம். புகழ்பெற்ற டேட்டோனா கடற்கரை இந்த மாவட்டத்தில்தான் உள்ளது. புகார்கள் இரண்டு. ஆமைகள் முட்டையிடும் மணலில் இரவில் கார்கள் ஓட அனுமதிக்கப்படுகின்றன என்பது முதலாவது. கரையோர விளக்குகள் ஆமைகளுக்குக் கேடு விளைவிக்கின்றன என்பது இரண்டாவது.

கார் ஏறினால் ஆமை சாகும். இது சிறு பிள்ளைக்கும் புரியும். ஆனால், தெருவோரத்தில் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும் விளக்கு எப்படி ஓர் உயிரைக் கொல்லும்? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகளும் நகர நிர்வாகங்களும் நீதிபதிகளும் விடை தேடிய வரலாறு சுவையானது. ராந்தாவ் அபாங்கின் பெருமையை இழந்து நிற்கும் மலேசியர்களுக்கு அதில் பாடமும் உண்டு.

இருட்டில் கடலைத் தேடும் குஞ்சு

கடலாமை கடலில் வாழ்ந்தாலும் முட்டையிடக் கரைக்கு வந்தே ஆக வேண்டும். தாய் ஆமை இரவில் மணலேறி, பின் துடுப்புகளால் குழி தோண்டி, சுமார் நூறு முட்டைகள் இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைகளைப் பார்க்க அது மீண்டும் வருவதில்லை. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குஞ்சுகள் பொரித்து, ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு, பெரும்பாலும் இரவு நேரத்தில் மணலுக்கு மேலே வரும். வழிகாட்டத் தாய் அங்கே இல்லை. கடல் எந்தப் பக்கம் என்பதைக் குஞ்சு தானே கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு இயற்கை கொடுத்திருக்கும் வழிகாட்டி வெளிச்சம்தான். விளக்கில்லாத கரையில் வானத்து ஒளி பட்டு மின்னும் கடற்பரப்பு தரையைவிட வெளிச்சமாக இருக்கும். மறுபக்கத்தில் மணல்மேடும் மரங்களும் கறுத்து உயர்ந்து நிற்கும். குஞ்சு அந்தக் கறுத்த உயரத்தை விட்டு விலகி, அடிவானத்தில் தாழ்வாகத் தெரியும் வெளிச்சத்தை நோக்கி ஓடும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்தக் கணக்கு தவறியதில்லை.

கரையில் மின்விளக்கு வந்ததும் கணக்கு தலைகீழானது. கடலைவிட ஹோட்டலும் சாலையும் பிரகாசமாகிவிட்டன. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு விளக்கை நோக்கி நடந்தன. சில சாலையேறிக் கார்களுக்கு இரையாயின. சில புதருக்குள் சிக்கிக்கொண்டன. நண்டுகளும் பறவைகளும் பிடித்துத் தின்றவை போக, மிஞ்சியவை மறுநாள் வெயிலில் காய்ந்து செத்தன. தாய் ஆமைகளுக்கும் இடைஞ்சல்தான். கரை அதிக வெளிச்சமாக இருந்தால் அவற்றில் பல முட்டையிடாமலேயே திரும்பிவிடுகின்றன.

மூக்குக் கண்ணாடி அணிந்த ஆமைகள்

இந்த உண்மை ஒரே நாளில் தெரிய வந்ததன்று. சாலை விளக்குகளால் பெருந்தலை ஆமைக் குஞ்சுகள் வழிதவறுவது பற்றி மெக்ஃபார்லேன் என்ற ஆய்வாளர் 1963-ஆம் ஆண்டிலேயே அறிவியல் இதழ் ஒன்றில் எழுதினார். ஆனால், ஆமையின் கண் எதைப் பார்க்கிறது, எந்த வெளிச்சம் அதை ஈர்க்கிறது என்பவை அப்போது முழுமையாகத் தெரியாது.

இதற்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் ஆர்ச்சி கார். புளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், கோஸ்டா ரிக்கா நாட்டின் டோர்டுகேரோ கடற்கரையில் பச்சை ஆமைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அங்கே அவரும் டேவிட் எரன்ஃபெல்ட் என்ற இளம் ஆய்வாளரும் சேர்ந்து செய்த சோதனை வேடிக்கையானது. முட்டையிட வந்த தாய் ஆமைகளுக்கு அவர்கள் மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள்! வெவ்வேறு நிற வடிகட்டிகள் பொருத்திய கண்ணாடிகள் அவை. கண்களை முழுவதும் மறைத்துவிட்டால் ஆமைக்குக் கடலின் திசை தெரியவில்லை. கடலைத் தேடுவதில் ஆமை தன் பார்வையையே நம்புகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. 1967-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

அதே ஆண்டில் நிக்கோலஸ் மிரசோவ்ஸ்கி என்ற ஆய்வாளரும் ஆர்ச்சி காரும் குஞ்சுகளிடம் நடத்திய சோதனை அடுத்த படிக்கு வழிவகுத்தது. நீலம், பச்சை போன்ற குறுகிய அலைநீள ஒளியை நோக்கிக் குஞ்சுகள் விரைந்து சென்றன. சிவப்பு போன்ற நீண்ட அலைநீள ஒளி அவற்றை அந்த அளவுக்கு ஈர்க்கவில்லை. பிற்காலத்தில் வந்த விளக்குச் சட்டங்கள் அனைத்துக்கும் விதை இங்கேதான் ஊன்றப்பட்டது.

பிரவார்டு காட்டிய வழி

1973-ஆம் ஆண்டு அமெரிக்கா அருகிவரும் உயிரினங்களுக்கான பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1978-இல் பெருந்தலை ஆமையும் பச்சை ஆமையும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. ஆமையைப் பிடிப்பதும் கொல்வதும் மட்டுமல்லாமல், அதற்குத் தீங்கு செய்வதும் குற்றமாயிற்று. ஆனால், தெருவிளக்கு போடுவது தீங்கு செய்வதாகுமா? சட்டத்தில் விளக்கு என்ற சொல்லே இல்லை.

இதற்கிடையே புளோரிடாவின் கிழக்குக் கரை வேகமாக மாறிக்கொண்டிருந்தது. மணல்மேடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகளும் ஹோட்டல்களும் எழுந்தன. அமெரிக்காவில் பெருந்தலை ஆமைகள் இடும் முட்டைக் குழிகளில் சுமார் 90 விழுக்காடு புளோரிடாவில்தான் உள்ளன. எனவே, அங்கே கரை கெட்டால் அந்த இனத்துக்கு மாற்று இடம் கிடையாது.

முதலில் விழித்துக்கொண்டது மத்திய அரசோ மாநில அரசோ அல்ல. கென்னடி விண்வெளி மையம் அமைந்திருக்கும் பிரவார்டு மாவட்டம் 1985-ஆம் ஆண்டிலேயே கடற்கரை விளக்குகளுக்கான விதிமுறையைக் கொண்டுவந்தது. மலேசியாவின் நகராண்மைக் கழகத்தோடும் மாவட்ட மன்றத்தோடும் ஒப்பிடத்தக்க ஓர் உள்ளூர் நிர்வாகம் எடுத்த முடிவு அது. அக்கம்பக்கத்து நகரங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

எதிர்ப்பு இல்லாமலில்லை. "விளக்கை அணைத்தால் திருட்டு பெருகும்" என்றார்கள் குடியிருப்பாளர்கள். "இருண்டு கிடக்கும் ஹோட்டலுக்கு விருந்தினர் வருவார்களா?" என்று கேட்டார்கள் முதலாளிகள். மனிதனைவிட ஆமை முக்கியமா என்ற கேள்வியும் எழுந்தது. இவை அலட்சியப்படுத்த முடியாத கேள்விகள். கடற்கரை விடுதியில் வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் பெண்ணுக்கு வெளிச்சம் தேவை. அவளை இருட்டில் நடக்கச் சொல்லும் சட்டம் நீண்ட காலம் நிலைக்காது.

எந்த விளக்கு? எங்கே விளக்கு?

இந்த இழுபறிக்கு வழி காட்டியது மீண்டும் ஆராய்ச்சிதான். பிளேர் விதரிங்டன் என்ற விஞ்ஞானி, பிரவார்டிலுள்ள மெல்போர்ன் கடற்கரையிலும் டோர்டுகேரோவிலும் இரண்டு வகை விளக்குகளை வைத்துச் சோதித்தார். வெண்மையாக எரியும் பாதரச ஆவி விளக்கு வைக்கப்பட்ட இடங்களில் முட்டையிட வரும் ஆமைகள் ஏறக்குறைய இல்லாமலே போயின. மஞ்சளாக எரியும் தாழ்வழுத்த சோடியம் விளக்கு வைக்கப்பட்ட இடங்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. 1992-இல் வெளியான இந்த முடிவு பேச்சின் திசையை மாற்றியது. 'விளக்கு வேண்டுமா, வேண்டாமா' என்று சண்டையிட்டவர்கள் 'எந்த விளக்கு, எங்கே' என்று பேசத் தொடங்கினார்கள்.

1993-இல் புளோரிடா மாநில அரசு ஒரு மாதிரி விதிமுறையை வெளியிட்டது. அதை அது யார் மீதும் திணிக்கவில்லை. மாவட்டங்களும் நகரங்களும் தங்கள் கரைக்கு ஏற்றவாறு திருத்தி ஏற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அதன் சாரம் எளிமையானது. முட்டையிடும் பருவத்தில், இரவு வேளையில், கட்டடங்களின் விளக்கொளி மணலில் விழக்கூடாது. கரையில் நிற்பவரின் கண்ணுக்கு விளக்கின் ஒளிமூலம் நேராகத் தெரியக்கூடாது. புதுக் கட்டடங்களில் கடலைப் பார்த்த சன்னல்களுக்கு, உள்ளேயிருந்து 45 விழுக்காட்டுக்கு மேல் ஒளியை வெளியே விடாத கண்ணாடி வேண்டும். விளக்குகளை முடிந்தவரை தாழ்வாகப் பொருத்தி, கடல் பக்கம் மறைப்புப் போட வேண்டும்.

இன்று புளோரிடாவில் இது மூன்று சொற்களில் சொல்லித் தரப்படுகிறது. விளக்கு தாழ்வாக இருக்கட்டும், மறைப்போடு இருக்கட்டும், அதன் அலைநீளம் நீண்டதாக இருக்கட்டும். நீண்ட அலைநீளம் என்பது 560 நானோமீட்டருக்குக் குறையாத ஒளி. சாதாரணமாகச் சொன்னால், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஆம்பர் நிறமும் சிவப்பும். இப்படிப்பட்ட விளக்கில் மனிதர் நடக்கலாம், படி இறங்கலாம், காரை நிறுத்தலாம். எதிரே வருபவரின் முகத்தையும் பார்க்கலாம். நடைபாதைக்கு வெளிச்சம் கிடைக்கும், மணலுக்கு இருட்டு கிடைக்கும்.

வழக்கு சொன்ன செய்தி

வோலூசியா வழக்கு என்ன ஆனது? 1995-இலேயே முட்டையிடும் பருவத்தில் இரவு நேரத்தில் கார்கள் ஓட நீதிமன்றம் தடை விதித்தது. 1996-இல் மத்திய அரசு, கார்களால் தற்செயலாக ஆமைகளுக்கு நேரக்கூடிய பாதிப்பு தொடர்பாக மாவட்டத்துக்கு அனுமதி ஒன்றை நிபந்தனைகளோடு கொடுத்தது. அந்த அனுமதி விளக்குகளால் வரும் பாதிப்புக்கும் பொருந்தும் என்று மாவட்டம் வாதிட்டது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கார்களுக்குக் கொடுத்த அனுமதியை விளக்குகளுக்கு நீட்ட முடியாது என்று கூறி, விளக்குப் பிரச்சினையை மீண்டும் விசாரிக்கச் சொன்னது. 2000-ஆம் ஆண்டில் முடிவு மாவட்ட நிர்வாகத்துக்குச் சாதகமாகவே அமைந்தது. இருந்தாலும், விளக்கினால் விளையும் தீங்கும் சட்டம் விசாரிக்க வேண்டிய தீங்குதான் என்பது அந்த வழக்கின் வழியே நிலைபெற்றுவிட்டது. 'சாதாரணத் தெருவிளக்குதானே' என்று எந்த நகர மன்றமும் அதன்பிறகு எளிதில் ஒதுக்க முடியவில்லை.

பலன் கிடைத்ததா என்று கேட்டால், பொறுமையோடுதான் பதில் சொல்ல வேண்டும். பெருந்தலை ஆமை வளர்ந்து முட்டையிடும் பருவத்தை அடையச் சுமார் முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பிரவார்டு முதல் விதியை இயற்றிய ஆண்டில் பத்திரமாகக் கடல் சேர்ந்த குஞ்சு, 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் தாயாகத் திரும்பி வந்திருக்கும். புளோரிடாவில் ஆண்டுதோறும் கணக்கெடுக்கப்படும் குறிப்பிட்ட கரைகளில், 1989-இல் பச்சை ஆமைகளின் முட்டைக் குழிகள் 500-ஐக்கூட எட்டவில்லை. 2019-இல் அதே கரைகளில் 40,000-ஐத் தாண்டின. 2023-இல் மாநிலம் முழுவதும் பெருந்தலை ஆமைக் குழிகள் 130,000-க்கு மேல் எண்ணப்பட்டன. விளக்கு விதிகளால் மட்டுமே இது நடந்துவிடவில்லை. முட்டைத் திருட்டு தடுக்கப்பட்டதும், இறால் வலைகளில் ஆமை தப்பிக்கும் வழி பொருத்தப்பட்டதும் பெரும் காரணங்கள். ஆனால், பிழைத்து வளர்ந்து திரும்பிய தாய்களுக்கு முட்டையிட இருண்ட மணல் காத்திருந்தது. அதை விளக்கு விதிகள்தான் காத்து வைத்திருந்தன.

ராந்தாவ் அபாங் தந்த பாடம்

இனி மலேசியக் கரைக்கு வருவோம். திரெங்கானு மாநிலத்தின் டுங்குன் மாவட்டத்திலுள்ள ராந்தாவ் அபாங், ஒரு காலத்தில் ஏழுவரி ஆமைகளுக்கு உலகப் புகழ்பெற்ற இடம். முதுகில் ஓடும் வரிகள் பெலிம்பிங் பழத்தை நினைவூட்டுவதால் மலாய் மொழியில் அதற்குப் பெனியூ பெலிம்பிங் என்று பெயர். உலகின் மிகப் பெரிய கடலாமை அதுதான். 1956-ஆம் ஆண்டில் திரெங்கானுவில் 10,000 தடவைக்கு மேல் அவை கரையேறி முட்டையிட்டதாகப் பதிவு உள்ளது. 1995-இல் அந்த எண்ணிக்கை 37. இந்த வீழ்ச்சியை ஆராய்ந்து உலகுக்குத் தெரிவித்தவர்கள் மலேசிய விஞ்ஞானிகளான சான் எங் ஹெங்கும் லியூ ஹோக் சார்க்கும்.

பல்லாண்டுகளாக முட்டைகள் தோண்டி விற்கப்பட்டதும், மீன்பிடி வலைகளில் ஆமைகள் சிக்கி மாண்டதும் இதற்கு முதன்மைக் காரணங்கள். வெளிச்சத்துக்கும் கூட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ராந்தாவ் அபாங் சுற்றுலாத் தலமாக இருந்தபோது, இரவில் டார்ச் விளக்குகளோடு கூட்டம் ஆமையைச் சூழ்ந்துகொள்ளும். கேமரா வெளிச்சம் கண்ணில் அடிக்கும். ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 1988-இல் சரணாலயம் அமைக்கப்பட்டபோது, காப்பாற்ற மிஞ்சியிருந்த ஆமைகள் மிகக் குறைவு.

முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கும் பணி அங்கே 1961-இலேயே தொடங்கியது என்பதையும் மறக்கக்கூடாது. நல்ல நோக்கத்தோடு செய்த காரியம்தான். ஆனால், ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகளே பிறக்கும். பொரிப்பகத்தில் பொரித்தவற்றில் பெண் குஞ்சுகளே மிகுதி என்பது பின்னாளில் ஆய்வில் தெரிய வந்தது. இயற்கையான கரையைப் பொரிப்பகத்தால் முழுமையாக ஈடுசெய்ய முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

முட்டையை மாற்றுவதா, விளக்கை மாற்றுவதா?

கரையில் வெளிச்சம் பெருகிவிட்ட ஊர்களில் மிஞ்சும் வழி, முட்டைகளை வேறிடத்துக்கு எடுத்துச் செல்வதுதான். சென்னையில் 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இரவில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்தே சென்று, பங்குனி ஆமைகளின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. நகர வெளிச்சத்தில் குஞ்சுகள் வழிதவறாமல் இருக்க, பொரித்த குஞ்சுகளை மாணவர்களே கடலில் விடுகிறார்கள். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் அழுங்காமைகள் முட்டையிடுவது உண்டு. அங்கே 2018-இல் ஸ்மால் சிஸ்டர்ஸ் தீவில் ஆமைப் பொரிப்பகம் திறக்கப்பட்டது.

இவை போற்றத்தக்க பணிகள். ஆனால், கடலில் விடப்பட்ட பெண் குஞ்சு வளர்ந்தபின் தான் பிறந்த கரைப் பகுதியைத் தேடியே வரும். அப்போதும் அந்தக் கரை வெளிச்சக் காடாக இருந்தால் அது எங்கே முட்டையிடும்? ஒவ்வோர் ஆண்டும் முட்டைகளைத் தூக்கிச் செல்லத் தொண்டர்கள் வேண்டும். விளக்கை ஒருமுறை மாற்றிவிட்டால் அது பல ஆண்டுகளுக்குப் பயன் தரும்.

மலேசியாவில் முட்டையை மணலிலேயே விட்டுக் காக்கும் முறைக்கும் முன்மாதிரி உண்டு. ரெடாங் தீவின் சாகார் ஹூத்தாங் விரிகுடாவில் 1993 முதல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சை ஆமைகளைக் கண்காணித்து வருகிறார்கள். உல்லாச விடுதிகள் இல்லாத அந்த விரிகுடாவில், தாய் இட்ட இடத்திலேயே முட்டைகள் பொரிக்கின்றன. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் திரெங்கானுவில் எல்லா வகை ஆமை முட்டைகளின் விற்பனைக்கும் தடை நடப்புக்கு வந்தது. முட்டைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. அது பொரித்து வெளிவரும் மணலுக்கும் அதே அக்கறை தேவை.

இதைத் தள்ளிப்போட முடியாமைக்கு ஒரு காரணம் உண்டு. உலகெங்கும் பழைய தெருவிளக்குகள் கழற்றப்பட்டு எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்படுகின்றன. மின்சாரம் மிச்சமாகிறது, நல்லதுதான். ஆனால், வெண்ணிற எல்.இ.டி. விளக்கின் ஒளியில் நீலம் அதிகம். ஆமைக் குஞ்சை ஏமாற்றுவதும் அதே நீலம்தான். கரையோரங்களுக்கென்று ஆம்பர் நிற எல்.இ.டி. விளக்குகள் விற்பனையில் உள்ளன. 2020-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா வனவிலங்குகளுக்கான ஒளி மாசு வழிகாட்டியை வெளியிட்டது. அதே ஆண்டு இந்தியாவின் காந்திநகரில் கூடிய வலசைபோகும் உயிரினங்களுக்கான அனைத்துலக மாநாடு அந்த வழிகாட்டியை ஏற்றுக்கொண்டது. எனவே, எப்படிச் செய்வது என்று இனி எந்த நிர்வாகமும் தொடக்கத்திலிருந்து ஆராய வேண்டியதில்லை.

எந்த விளக்கை வாங்குவது என்பதை முடிவு செய்வது நகராண்மைக் கழகத்தின் கொள்முதல் குழு. எந்த உயரத்தில் மாட்டுவது என்பதை முடிவு செய்வது ஹோட்டலின் பராமரிப்புப் பிரிவு. கடலைப் பார்த்த சன்னலின் திரையை இரவில் இழுத்துவிடுவது அங்கே தங்கும் குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஒரு விளக்குக் கம்பம் நட ஒரு நாள் போதும். அந்த முடிவு சரியா தவறா என்பது, இந்த ஆண்டு பொரிக்கும் குஞ்சு சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு முட்டையோடு கரை தேடி வரும்போது தெரியும். ராந்தாவ் அபாங் விஷயத்தில் அந்தப் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. மற்றக் கரைகளுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.